கன்றின் குரலில் ஒரு பொய்

பல்கலைக்கழக நாட்களில் என்னோடு ஒரே அறையில் இரண்டாண்டுகள் தங்கியிருந்த நண்பர் ஒருவர் தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் கனடாவுக்குப் புலம்பெயர்ந்தார். இப்போது ஒன்ராறியோவில் வேட்டை அனுமதிப்பத்திரம் பெற்ற வில்வேட்டைக்காரர். சென்ற மாதம் அவர் எனக்கு ஓர் ஒலிப்பதிவை அனுப்பியிருந்தார். பத்து, பன்னிரண்டு விநாடிகள்தான் இருக்கும். மெல்லிய, மூக்கால் எழும் ஓர் அழுகை. சற்று நின்று, மீண்டும் அதே அழுகை, இம்முறை கூடுதல் அவசரத்தோடு. அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது குசினியிலிருந்து என் மனைவி கைகளைத் துடைத்தபடி வெளியே வந்தார்.

"ஆற்றை பிள்ளை அழுகுது?"

பிள்ளை எதுவும் அழவில்லை. ஐம்பத்தைந்து வயதுடைய ஓர் ஆண்மகன், மரத்தின் மேல் கட்டிய பரணில் அமர்ந்து, ஒரு சிறு குழலை வாயில் வைத்து, ஆபத்தில் அகப்பட்ட மான்கன்றைப் போலக் கத்திய ஓசை அது. ஒலிப்பதிவோடு வந்த கடிதத்தில் நண்பர் எழுதியிருந்தார்: "மூன்றாம் முறை ஊதியதும் பெண்மான் ஓடியே வந்துவிட்டது. இருபது யார் தூரம். ஒரே அம்பு. நீர் எழுதுகிற மனிதர், இந்தக் கலையைப் பற்றியும் ஒருக்கால் எழுதும்."

எழுதுகிறேன். அவர் எதிர்பார்த்தபடி எழுத முடியவில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஓர் ஐயத்தைக் களைய வேண்டும். இப்பத்தியாளன் மரக்கறி உண்பவன் அல்லன். தந்தையாரின் உத்தியோகம் காரணமாகச் சிறு பராயத்தில் சில ஆண்டுகள் வன்னியில் வளர்ந்தவன். மரை வத்தலும் பன்றி வத்தலும் அடுப்புக்கு மேல் புகையில் தொங்கிய வீடுகளில் விருந்துண்டவன். வரட்சிக் காலத்தில் காட்டு மோட்டையின் கரையில் இடியன் துவக்கோடு விடிய விடியக் காத்திருந்த மனிதர்களை அறிந்தவன். தாகம் கொண்ட விலங்கு தண்ணீருக்கு வரும் இடத்தில் மறைந்திருந்து சுடுவது பெருமைக்குரிய செயல் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும் அங்கே தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. வேட்டைக்காரன் மறைந்திருந்தான், பொய் சொல்லவில்லை. ஆகவே வேட்டையே பாவம் என்ற வாதத்தை இங்கு யாரும் தேட வேண்டாம். என் வழக்கு ஒரேயோர் ஒலியைப் பற்றியது.

மானைக் குரல்கொடுத்து அழைத்துக் கொல்வது புதிய வித்தையன்று. ஜேர்மனியில் ஜூலை இறுதியிலும் ஓகஸ்ட் முற்பகுதியிலும் ரோ மான்கள் இணைசேரும் பருவத்தில், பீச் மரத்தின் இலையொன்றை இரு பெருவிரல்களுக்கும் இடையே இழுத்துப் பிடித்து ஊதுவார்கள். பெண்மானின் கீச்சுக் குரல் அதில் பிறக்கும், கலைமான் வரும். அந்த வேட்டைக்கே இலையின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். இலையுதிர் காலத்தில் பெரிய சிவப்பு மானை அழைப்பதற்கு மாட்டுக்கொம்பு, சங்கு, விளக்குச் சிமினி போன்ற கண்ணாடிக் குழாய், உள்ளீடற்ற செடித்தண்டு எனப் பலவகைக் கருவிகள் உண்டு. டோர்ட்முண்ட் நகரின் வேட்டைக் கண்காட்சியில் இதற்கென்றே போட்டி வைத்து, யார் நன்றாக முக்காரமிடுகிறார் என்று நடுவர்கள் புள்ளி வழங்குவார்கள். டெக்சஸ் மாநிலத்தில் உதிர்ந்த கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று மோதவிட்டு, இரு கலைமான்கள் பொருதுவதாகப் போக்குக் காட்டுவார்கள். மூன்றாவது கலைமான் பங்குக்கு ஓடி வரும். யப்பானில் இதற்கென மான்குழல் இருந்தது. காமத்தால் கெடுகின்றவனைச் சுட்ட, இலையுதிர் கால மான் குழலைத் தேடி வரும் என்ற பழமொழியும் அங்கே உண்டு.

இவை யாவும் ஒரு சாதி. கலைமானின் காமத்தையும் வீறாப்பையும் பயன்படுத்திக்கொள்ளும் சூழ்ச்சிகள். சூழ்ச்சிதான், மறுப்பதற்கில்லை. ஆனாலும் பருவ வெறியில் திரியும் கலைமான் எப்படியும் ஆபத்தை நோக்கியே ஓடிக்கொண்டிருக்கிறது. கொம்பு முறிந்து சாகவும் அது ஆயத்தம்.

நம்முடைய பழந்தமிழர் இதில் பின்தங்கியிருக்கவில்லை. பழக்கிய மானைக் கட்டிவைத்துக் காட்டுமானை வரவழைக்கும் வழக்கம் சங்க காலத்திலேயே இருந்தது. அந்தக் கண்ணி விலங்குக்குப் 'பார்வை' என்று பெயர். பெரும்பாணாற்றுப்படையிலும் வருகிறது, புறநானூற்றிலும் வருகிறது. புறநானூற்றின் 320ஆம் பாட்டைப் படித்தவர்கள் அந்த முற்றத்தை மறக்க மாட்டார்கள். வேட்டுவன் அயர்ந்து உறங்குகிறான். கட்டிவைத்த பிணைமானிடம் காட்டிலிருந்து தனியான ஒரு கலை வந்து சேர்ந்து விளையாடுகிறது. அதைக் காண்கிறாள் அவன் மனைவி. கணவன் விழித்துவிடுவானோ என்றும் அஞ்சுகிறாள். கலை பிணையை விட்டுப் போய்விடுமோ என்றும் அஞ்சுகிறாள். ஆகவே அசையாமல் நிற்கிறாள். அன்றைய உணவு முற்றத்துக்கே நடந்து வந்திருக்கிறது, எழுப்ப வேண்டியவள் எழுப்பவில்லை! வேட்டையை உண்டு வாழ்ந்த குடியில் பிறந்த ஒருத்தியின் தயக்கம் அது. கருணை பேசும் துறவியின் பாட்டு அன்று என்பதைக் கவனியுங்கள்.

நிற்க. நண்பர் ஊதியது கலைமானுக்கான அழைப்பு அன்று. கன்றின் அபயக்குரல். அதற்கு வருவது கலைமான் அல்ல, தாய். இங்கேதான் சாதி மாறுகிறது.

இந்த அபயக்குரலைப் பற்றிக் கனடாவிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். வின்னிபெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன் லிங்கிள் என்ற விஞ்ஞானி வெண்வால் மான்களையும் மியூல் மான்களையும் பல்லாண்டுகள் புல்வெளிகளில் தொடர்ந்து கவனித்தவர். மியூல் மானின் தாய்மார், கயோட்டி என்ற சிறு ஓநாய் ஒரு கன்றைப் பிடிக்கும்போது, அது தங்கள் கன்றா இல்லையா என்று பாராது ஓடிச்சென்று முன்கால்களால் தாக்குவதை அவர் கண்டார். ஒலிபெருக்கியில் கன்றின் கதறலை ஒலிக்கவிட்டபோதும் வந்தார்கள். தன் சொந்தக் கன்று பக்கத்திலேயே பத்திரமாக நிற்கும்போதும் வந்தார்கள். தம் இனமல்லாத வெண்வால் கன்றின் கதறலுக்கும் வந்தார்கள்.

பிறகு அவரும் டோபியாஸ் ரீடே என்பவரும் ஒருபடி மேலே போனார்கள். மர்மொட், சீல், பூனை, வௌவால், மனிதன் ஆகியவற்றின் குழந்தைகள் எழுப்பும் அழுகையைப் பதிவுசெய்து, புல்வெளியில் ஒலிபெருக்கியை மறைத்துவைத்து ஒலிக்கவிட்டார்கள். ஒலியின் சுருதி மான்கன்றின் சுருதிக்கு அண்மையாக இருந்தபோதெல்லாம் தாய்மான்கள் ஒலிபெருக்கியை நோக்கி வந்தன. மனிதக் குழந்தை அழுதபோதும்தான். 2014ஆம் ஆண்டு 'அமெரிக்கன் நேச்சுரலிஸ்ட்' என்ற ஆய்விதழில் இது வெளியாயிற்று. பாலூட்டிகளின் குழந்தைகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே பாஷையில்தான் அழுகின்றன. அந்த அழுகைக்கு ஓடாத தாய் ஒரு காலத்தில் இருந்திருந்தால், அவளுடைய வம்சம் இன்று இல்லை.

என் மனைவி குசினியிலிருந்து வந்ததற்கும் அந்தப் பெண்மான் பற்றைக்குள்ளிருந்து வந்ததற்கும் காரணம் ஒன்றேதான். ஒரே வேறுபாடு, எங்கள் வீட்டு விறாந்தையில் வில் இல்லை.

இப்போது நண்பரின் வாதங்களுக்கு வருவோம். முதற் கடிதத்துக்கு நான் எழுதிய சிறு முணுமுணுப்புக்கு அவர் நீண்டதொரு பதில் அனுப்பினார். அவர் மூடரல்லர், தர்க்கம் படித்தவர். "நான் துரத்தவில்லை, வலை போடவில்லை. மான் தன் விருப்பத்தில் வந்தது. வராமல் இருக்கும் சுதந்திரம் அதற்கு இருந்தது" என்பது அவருடைய பிரதான வாதம்.

விருப்பம் என்ற சொல்லை இத்தனை மலிவாக நாம் பயன்படுத்தலாமா? நள்ளிரவில் ஒரு தாய்க்குத் தொலைபேசியில், "உங்கள் மகன் விபத்தில் சிக்கிவிட்டான், இந்தச் சந்திக்கு உடனே வாருங்கள்" என்று ஒருவன் பொய் சொல்லி, வந்தவளிடம் தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு போனால், "அவள் தன் விருப்பத்தில்தானே வந்தாள்" என்று நீதிமன்றத்தில் வாதாட எந்தச் சட்டத்தரணி துணிவார்? வராமல் இருக்கும் சுதந்திரம் அவளுக்கு ஏட்டில் இருந்தது. தாய் என்ற நிலையில் இருக்கவில்லை. சோளக்குவியலைக் கண்டு வரும் மானுக்குப் பசி அடங்கினால் திரும்பிப் போகத் தெரியும். கன்றின் கதறலைக் கேட்ட மானுக்கு அது தெரியாது. மேலும், அது ஆபத்து இல்லை என்று நம்பி வரவில்லை. ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தே வருகிறது. கன்றைக் கடித்துக்கொண்டிருக்கும் விலங்கோடு பொருத வருகிறது. வேட்டைக்காரர் பயன்படுத்திக்கொள்வது மானின் அறியாமையை அன்று, அதன் துணிச்சலை.

"இது இயந்திரமன்று, மூச்சுக் கலை. பழகுவதற்கு இரண்டு வருடம் பிடித்தது" என்பது அவருடைய அடுத்த பெருமை. இங்கே அவர் மட்டும் குற்றவாளி அல்லர். சட்டங்களே அவருக்கு இந்தப் பெருமையைக் கொடுத்திருக்கின்றன. 1979ஆம் ஆண்டின் பேர்ன் உடன்படிக்கை, பாலூட்டிகளைக் கொல்லத் தகாத சாதனங்களின் பட்டியலில் ஒலிப்பதிவுக் கருவியைச் சேர்த்தது. 1992இல் ஐரோப்பாவின் வாழிடப் பணிப்பாணையும் அவ்வாறே சேர்த்தது. ஜேர்மனியின் வேட்டைச் சட்டமும் ஒலிநாடாக் கருவியைத் தடுக்கிறது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் மான் வேட்டையில் மின்னணு ஒலிக்கருவி கூடாது. தியடோர் ரூஸ்வெல்ட் 1887இல் தொடங்கிய பூன் அன்ட் க்ரொக்கெட் கழகம், விலங்குக்கு முறையற்ற பாதகம் இல்லாத நேர்மையான வேட்டை என்று ஒரு கோட்பாட்டையே வகுத்துக் காத்து வருகிறது. எல்லாம் நல்லவை. ஆனால் கூர்ந்து பாருங்கள். இவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி, ஒலி எதிலிருந்து வருகிறது என்பதுதான். பெட்டியிலிருந்து வந்தால் குற்றம். வாயிலிருந்து வந்தால் கலை. ஒலி என்ன சொல்கிறது என்று எவரும் கேட்கவில்லை.

பொய்க் கையெழுத்தை அச்சியந்திரத்தில் இட்டால் மோசடி, கையால் இட்டால் சித்திரம் என்று ஒரு நாடு சட்டம் இயற்றினால் நாம் சிரிக்க மாட்டோமா? கதறலைக் கேட்டு ஓடிவரும் பெண்மானுக்கு அது மின்கலத்தில் ஓடுகிறதா, நாணலில் ஓடுகிறதா என்பதில் என்ன ஆறுதல்? சொல்லப்போனால் கைத்திறன் கூடக்கூடப் பொய்யின் தரமும் கூடுகிறது. இரண்டு வருடம் பழகினார் என்றால் இரண்டு வருடம் கன்றாக நடிக்கப் பழகினார் என்பதுதான் பொருள். இதில் திறமை இல்லையென்று நான் சொல்லவில்லை. திறமை எதற்கும் சான்றிதழ் ஆகாது என்றுதான் சொல்கிறேன்.

ஜேர்மானிய வேட்டைக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களும் கன்றின் குரலை ஊதுகிறார்கள். ஆனால் கன்றைப் பேணும் காலத்தில் தாயைக் கொல்வது அங்கே சட்டப்படி குற்றம். பெண் ரோ மானுக்கான பருவம் செப்டெம்பரில்தான் திறக்கும். அவர்கள் ஊதும்போது தாய் ஓடி வருகிறாள், அவள் பின்னால் காமுற்ற கலைமான் வருகிறது, சூடு கலைமானுக்கு. தாய் உயிரோடு திரும்பிப் போகிறாள். இதைப் பெரிய நாகரிகம் என்று சிலர் மெச்சுகிறார்கள். அவள் பேதலித்து ஓடிவந்ததை ஒரு கயிறாக்கி இன்னொரு விலங்கை இழுக்கும் காரியம் என்றே எனக்குப் படுகிறது. இருந்தாலும் அம்பு அவள் மேல் பாயவில்லை, ஒப்புக்கொள்கிறேன். வட அமெரிக்காவில் அந்தத் திரையும் இல்லை. வெண்வால் மான்கள் பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில் ஈனுகின்றன. செப்டெம்பர், ஒக்டோபரில் வில்வேட்டை திறக்கிறது. நண்பர் ஊதியபோது அந்தப் பெண்மானுக்கு நான்கு மாதக் கன்று எங்கோ நின்றிருக்கலாம். புல் மேயத் தெரிந்த கன்றுதான், செத்துப்போகாது என்று அவர் சொல்லக்கூடும். அது அவருக்குச் சாதகமான செய்தியன்று. தாயில்லாமல் பிழைக்கக்கூடிய கன்றுக்காகவும் தாய் ஓடி வந்தாள் என்பதைத்தான் அது காட்டுகிறது.

அவருடைய இன்னொரு வாதத்தில் நியாயம் உண்டு. ஓநாயும் சிறுத்தையும் இல்லாத நிலத்தில் மான் பெருகினால் இளங்காட்டைத் தின்று தீர்க்கும். வீதியில் வாகனங்களோடு மோதும். பெண்மான்களைக் குறைக்காமல் மந்தையைக் குறைக்க முடியாது. சரி. குறையுங்கள். மேய்ச்சல் பாதையில் காத்திருந்து குறையுங்கள். நடந்துபோகும் மானை ஒரு கணம் நிறுத்துவதற்காக வேட்டைக்காரர்கள் வாயால் மெல்ல ஓர் ஓசை எழுப்புவார்கள். மான் நின்று தலை தூக்கும். அம்பு தவறாமல் நெஞ்சில் படும். விலங்கு காயத்தோடு அலைந்து சாகாது. அந்த ஓசையை நான் எதிர்க்கவில்லை. அது எதையும் சொல்லாத ஓசை. 'யாரது?' என்று மானைக் கேட்கவைக்கிறது, அவ்வளவே.

கடைசியாக அவர் கேட்ட கேள்விதான் என்னைச் சுட்டது. "முதலில் உம்முடைய நாட்டைப் பாரும். அங்கே கம்பிச் சுருக்கும் கட்டுத்துவக்கும் வைத்துவிட்டு எங்களுக்கு அறம் சொல்ல வருகிறீரோ?"

உண்மை. 1937ஆம் ஆண்டிலிருந்தே எங்களுக்கு வனவிலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. சுருக்கும் இருக்கிறது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் கழுத்து அகப்பட்டுச் செத்தது; நாடே படத்தைப் பார்த்தது; சுருக்கு ஒழியவில்லை. வெட்கப்படுகிறேன். ஆனால் ஒரு வேறுபாட்டை நண்பர் கவனிக்க வேண்டும். சுருக்கு வைப்பவன் அதைக் கலை என்று எனக்கு ஒலிப்பதிவு அனுப்புவதில்லை. தான் செய்வது குற்றம் என்று அவனுக்குத் தெரியும். ஆகவே ஒளிக்கிறான். அனுமதிப்பத்திரத்தோடும் பெருமையோடும் செய்யப்படும் காரியத்தைப் பற்றித்தான் எழுத்தாளன் எழுத வேண்டியிருக்கிறது. குற்றம் என்று ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்டதைப் பொலிஸ் பார்த்துக்கொள்ளட்டும். (பார்த்துக்கொள்கிறதா என்பது வேறு பத்தி.)

தமிழ் படித்தவர் என்பதால் நண்பருக்கு இரண்டு கதைகளை நினைவூட்டினேன். அவற்றை எனக்கு முன்னால் உணர்ச்சியோடு எடுத்துச் சொன்னவரே அவர்தான். ஒன்று, திருவிளையாடற் புராணத்தில் வருவது. பாண்டியன் வேட்டையில் தாய்ப்பன்றி இறந்துபோக, பசியால் வாடிய பன்னிரண்டு குட்டிகளுக்கு இறைவனே தாய்ப்பன்றியாய் வந்து பால் கொடுத்தான். மற்றது, உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம். வேடன் கையில் அகப்பட்ட பிணைமான், கன்றுக்குப் பாலூட்டிவிட்டு வருகிறேன் என்று இறைஞ்சுகிறது. நபிகள் நாயகம் பிணை நிற்கிறார். மான் சொன்னபடி திரும்பி வருகிறது, கன்றையும் கூட்டிக்கொண்டு. சைவக் கதையில் தாயின் உருவத்தை எடுத்தது குட்டியின் பசியாற்றுவதற்கு. இஸ்லாமியக் கதையில் கன்றின் பெயரால் சொன்ன சொல்லை மான் காப்பாற்றியது. இரண்டையும் வாய்நிறையச் சொன்ன மனிதரின் அதே வாய், இப்போது கன்றின் உருவெடுத்துத் தாயைக் கொல்கிறது. கதை வேறு வாழ்க்கை வேறு என்று அவர் எழுதினால், மற்றைய கதைகளை எல்லாம் பிள்ளைகளுக்கு அவர் எதற்காகச் சொல்லிக்கொடுக்கிறார் என்று கேட்பேன்.

அழைப்பதுதான் இன்பம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. யப்பானின் நாரா நகரப் பூங்காவில் 1892இல் ஒருவர் எக்காளம் ஊதி மான்களை அழைத்தார். இன்றும் அங்கே பிரெஞ்சுக் கொம்பில் பீத்தோவனின் ஆறாம் சிம்பனியிலிருந்து ஒரு சிறு பகுதியை ஊதுகிறார்கள். காட்டோரத்திலிருந்து மான்கள் கூட்டமாக ஓடி வருகின்றன. வந்தவற்றுக்குக் கருவாலிக் கொட்டைகளை அள்ளிக் கொடுக்கிறார்கள். வரும்படி சொன்னார்கள், வந்தன, சொன்னதைக் கொடுத்தார்கள்.

நான் கேட்பது பெரிதன்று. எந்தெந்த நாட்டின் வேட்டை விதிகளில் ஒலிப்பதிவுக் கருவி தடுக்கப்பட்டிருக்கிறதோ, அந்த வரிக்குப் பக்கத்தில் இன்னொரு வரி வேண்டும்: குட்டியின் அபயக்குரலைப் போலி செய்து தாயை அழைப்பது, எந்தக் கருவியால் செய்தாலும், வெறும் வாயால் செய்தாலும், கூடாது. கொம்பு மோதும் ஓசை இருக்கட்டும். பீச் இலை இருக்கட்டும். இந்த ஒன்று போகட்டும். புலம்பெயர் நாடுகளில் வேட்டை அனுமதிப்பத்திரம் வைத்திருக்கும் நம்மவர்கள் இப்போது சிலர் அல்லர். அவர்கள் தத்தம் கழகங்களில் எழுந்து இதைச் சொல்லலாம். சட்டம் வரும்வரை காத்திருக்காமல் அந்தக் குழலை மாத்திரம் பையிலிருந்து எடுத்து வைக்கலாம்.

இவற்றையெல்லாம் நண்பருக்கு எழுதி இரண்டு வாரங்கள் ஆகின்றன. நேற்று இரவு ஒரே வரியில் பதில் வந்தது. தன் மூத்த மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறதாம். வீட்டில் ஒருவருக்கும் நித்திரை இல்லையாம். மற்றதைப் பிறகு எழுதுவாராம். வந்தால் அதையும் இங்கே பதிவேன்.